பருப்பில் தெரிவது மாவில் தெரியாது

கடலைப்பருப்பை ஒரு கை அள்ளிப் பார்த்தால் அதன் ஜாதகமே தெரிந்துவிடும். நிறம், பருமன், சொத்தை, வண்டு துளைத்த ஓட்டை, பழைய சரக்கின் மங்கல் எல்லாம் உள்ளங்கையில் கிடக்கும். அதையே அரைத்துவிட்டால் ஒன்றும் தெரியாது. நல்ல பருப்பும், சொத்தையும், விலை மலிந்த பட்டாணியும் ஒரே வெளிர் மஞ்சள் தூளாகிவிடும். வாங்குகிறவர் கண்ணால் பார்த்துச் சோதிக்க முடியாத ஒரு பொருளை விற்பதுதான் மாவுத் தொழில். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் கடலை மாவு அரைத்து விற்கத் தொடங்கிய நாளிலிருந்து நான் கற்றதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

எங்கள் பக்கம் குடிமங்கலம், பெதப்பம்பட்டி வட்டாரமெல்லாம் கரிசல். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஈரம் நிலத்தில் நிற்கும்போது கொண்டைக்கடலையை விதைத்துவிட்டால், அப்புறம் பனியிலேயே வளர்ந்துவிடும். விடிகாலையில் காட்டுக்குள் நடந்து இலையில் படிந்த ஈரத்தை நாக்கில் வைத்தால் புளிக்கும். செடியே சுரக்கும் அமிலம் அது. அதில் நடந்து வந்தால் கால் அரிக்கும். தை பிறந்து மாசிக்குள் செடியைப் பிடுங்கிக் களத்தில் போட்டு அடித்தால் கடலை வீட்டுக்கு வந்துவிடும். அதே வாரத்தில் வியாபாரிகளும் வந்துவிடுவார்கள். எல்லோர் வீட்டிலும் சரக்கு குவிந்திருக்கும், எல்லோருக்கும் கடனும் இருக்கும். அப்போது அவர்கள் சொன்னதுதான் விலை. மூட்டை மூட்டையாகக் கொண்டைக்கடலையை அனுப்பிவிட்டு, தீபாவளிக்கு லட்டு பிடிக்க அரைக் கிலோ கடலை மாவைப் பாக்கெட்டில் வாங்கி வருவோம். அந்தப் பாக்கெட் மாவில் சுட்ட பலகாரத்தை வாயில் வைத்துவிட்டு என் மாமியார், "இதுல கடலை வாசமே இல்லையே அம்மிணி" என்பார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அதைச் சொல்வார். எனக்கு இந்த யோசனை வந்ததே அந்தப் பேச்சிலிருந்துதான்.

கொண்டைக்கடலை நேராக மாவாவதில்லை. முதலில் தோல் நீக்கிப் பருப்பாக உடைக்க வேண்டும். பருப்பு மில்லில் கடலையைச் சலித்து, உருளையில் லேசாகக் கீறி, தண்ணீர் தெளித்து ஊறவைத்து, வெயிலில் காய வைத்து உடைப்பார்கள். 100 கிலோ கடலை போட்டால் 70 முதல் 75 கிலோ பருப்பு கிடைக்கும். மிச்சம் தோலும் குருணையும். அதைக் கழிவு என்று ஒதுக்கிவிடக் கூடாது. கடலைப் பொட்டுக்குக் கறவை மாடு வைத்திருப்பவர்கள் காத்துக் கிடப்பார்கள், அந்தக் காசையும் கணக்கில் சேர்த்தால்தான் தொழில் நிற்கும். பெரிய மில்காரர்கள் எங்களைப் போலச் சின்ன லாட்டைத் தனியாக ஓட்டித் தர மாட்டார்கள். கொண்டுபோன கடலைக்குப் பதிலாக எந்த ஊர்க் கடலையின் பருப்போ மூட்டையில் வரும். எங்கள் காட்டுக் கடலையை எங்களுக்கே திருப்பித் தரும் சிறிய மில் ஒன்றைத் தேடிப் பிடிக்க நாளாயிற்று. அது அமையும் வரை கடையில் பருப்பாகவே பார்த்து வாங்கினேன்.

பருப்பு வந்த பிறகு இருக்கிற வேலைதான் மாவின் தரத்தைத் தீர்மானிக்கிறது. மெஷினைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனை எச்பி, என்ன கம்பெனி, மணிக்கு எத்தனை கிலோ என்று கேட்பவர்களில் காய வைப்பதைப் பற்றிக் கேட்டவர் மிகக் குறைவு. என் அனுபவத்தில் முக்கால்வாசி வேலை மெஷினுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. முறத்தில் புடைத்துச் சொத்தையும் கல்லும் நிறம் மாறியதும் பொறுக்கியாக வேண்டும். பிறகு தார்ப்பாயில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, நல்ல வெயிலில் இடையிடையே காலால் கிளறிவிட்டுக் காய வைக்க வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க ஈரப்பதமானி எல்லாம் பின்னால்தான் வாங்கினேன். இப்போதும் முதலில் பல்லைத்தான் நம்புகிறேன். பருப்பைக் கடித்தால் 'டக்'கென்று இரண்டாகத் தெறிக்க வேண்டும். பல்லுக்குள் லேசாக நசுங்கினால் இன்னொரு வெயில் வேண்டும். ஈரம் இருக்கிற பருப்பை அரைத்தால் சல்லடையில் அப்பிக்கொள்ளும், மெஷின் திணறும், பாக்கெட்டுக்குள் கட்டி தட்டும்.

ஆரம்பத்தில் எனக்குச் சொந்த மெஷின் கிடையாது. ஊரில் கூலிக்கு அரைக்கும் மாவு மில்லில்தான் அரைத்தேன். அங்கே காலையில் அரிசி, பத்து மணிக்கு மிளகாய், மத்தியானம் கோதுமை என்று ஒரே மெஷினில் மாறி மாறி ஓடும். கடலை மாவில் மிளகாய்க் கார்ப்பு ஏறினால் பஜ்ஜிக்காரர் பொறுத்துக்கொள்வார், மைசூர்பாகு கிண்டுகிறவர் பொறுக்க மாட்டார். கோதுமை ஒத்துக்கொள்ளாத உடம்புக்காரர்கள் கடலை மாவு தோசையை நம்பித்தான் சாப்பிடுகிறார்கள். அவர்கள் வாங்கும் மாவில் ஒரு பிடி கோதுமை கலந்தாலும் அது பெரிய துரோகம். அதனால் மில்காரரிடம் பேசி, விடியற்காலையில் உள்ளே துடைத்த மெஷினில் முதல் ஆளாக அரைப்போம். முதலில் விழும் இரண்டு கிலோ மாவை மாட்டுக்குத் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். சொந்த மெஷின் வாங்கியதற்குப் பெரிய காரணம் லாபம் இல்லை, இந்தக் கலப்புதான்.

மெஷினிலிருந்து விழும் மாவு கைக்குச் சூடாக இருக்கும். அரைபடும்போது உரசலில் ஏறுகிற சூடு அது. புதிதாக வருகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். சூட்டோடு பாக்கெட்டில் போட்டு ஒட்டினால் இரவில் ஆறும்போது உள்ளே ஆவி வியர்த்து, மறுநாள் ஓரத்தில் ஈரக் கோடு தெரியும். அந்த இடத்திலிருந்துதான் பூஞ்சையும் காறலும் தொடங்கும். கடலைப் பருப்பில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு கொழுப்பு இருக்கிறது. உளுந்திலும் பாசிப்பயறிலும் அவ்வளவு கிடையாது. மாவானதும் அந்தக் கொழுப்பு காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து சீக்கிரம் கெடும், நாக்கில் கசப்புத் தட்டும். எங்கள் கூடத்தில் வெள்ளை மல் துணியை விரித்து, மாவை விரல் கனத்துக்குப் பரப்பி, விரல்களால் கோடு கிழித்துவிடுவோம். மின்விசிறி போட மாட்டோம், மாவு பறக்கும். கோட்டுக்குள் புறங்கையை வைத்தால் சில்லென்று இருக்க வேண்டும். அதன் பிறகே சல்லடை, அதன் பிறகே எடைபோட்டுப் பாக்கெட். வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்தப் புறங்கைச் சோதனைதான். உள்ளங்கைக்குச் சூடு பழகிப்போயிருக்கும், புறங்கை பொய் சொல்லாது.

மாவு எவ்வளவு நைஸாக இருக்க வேண்டும் என்பது வாங்குகிறவரைப் பொறுத்தது. வீடுகளுக்கும் பஜ்ஜிக் கடைக்கும் நைஸ் மாவு. பேக்கரிகளில் மிக்சருக்கு ஓமப்பொடி பிழியும் மாஸ்டர்களும் அதையே கேட்பார்கள், கட்டி இருந்தால் அச்சுக் கண் அடைத்துக்கொள்ளும். காராசேவு தேய்க்கும் ஒரு மாஸ்டர், சாத்தூர்ப் பக்கத்துக்காரர், கொஞ்சம் கரகரப்பாக வேண்டும் என்பார். ரொம்ப நைஸாக இருந்தால் சேவு விறைத்துப்போய் வாயில் கரையாது என்பது அவர் கட்சி. அவருக்கென்று சல்லடையை மாற்றித் தனியாக ஓட்டுவோம். ஆளுக்கேற்ப இப்படி மாற்றித் தருவதற்குப் பெரிய கம்பெனிகளுக்கு நேரம் கிடையாது. சின்னத் தொழில் பிழைத்துக் கிடப்பதே இந்த இடுக்கில்தான்.

மாவைச் சோதிப்பதில் எனக்கு வாத்தியார் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பஜ்ஜிக் கடை போட்டிருக்கும் அண்ணன் ஒருவர். முதல் தடவை சாம்பிள் கொண்டுபோனபோது பாக்கெட்டின் படத்தையோ பெயரையோ அவர் பார்க்கவே இல்லை. ஒரு சிட்டிகை மாவை உள்ளங்கையில் வைத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கட்டைவிரலால் குழைத்தார். முகர்ந்தார். நாக்கு நுனியில் தொட்டு வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கரைத்து ஒரு வாழைக்காய்த் துண்டை முக்கி எண்ணெயில் விட்டார். "ஏனுங்க்கா, இதுல பட்டாணி இல்லீங்களே?" என்றார். இல்லை என்றேன். "தெரியுதுங்க. பட்டாணி கலந்தா பச்சை வாடை அடிக்கும், தண்ணியும் ஜாஸ்தி குடிக்கும், ஆறுனதும் பஜ்ஜி தோலு மாதிரி ஆயிரும்" என்றார். அன்றிலிருந்து அவர் வாங்குகிறார். மழை பெய்கிற சாயங்காலங்களில் மாவு தீர்ந்துவிட்டது என்று போன் அடிப்பார், வண்டியில் போட்டு அனுப்புவோம்.

பட்டாணி விஷயத்தை விரிவாகச் சொல்லியாக வேண்டும். மஞ்சள் பட்டாணி கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. 2017 கடைசியில் அரசு அதற்கு 50 சதவீத இறக்குமதி வரி போட்டது. 2023 டிசம்பரில் வரியை எடுத்துவிட்டது. அதன் பிறகு சந்தையில் பட்டாணி குவிந்தது. பட்டாணி மாவைப் பட்டாணி மாவு என்று எழுதி விற்றால் அதில் தவறே இல்லை, அதுவும் நல்ல உணவுதான். கடலை மாவு என்று எழுதி விற்பதுதான் குற்றம். உணவுப் பாதுகாப்பு விதிப்படி கடலை மாவு என்றால் தோல் நீக்கிய கடலைப்பருப்பை அரைத்தது மட்டுமே. வேறு எந்தப் பொருளும், நிறமும் சேரக் கூடாது. மொத்தச் சாம்பல் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது வரைக்கும் வரையறை உண்டு.

இந்தக் கலப்படம் ஏன் நிற்கவில்லை என்று ஒரு கணக்குப் போட்டால் புரியும். கடலைப்பருப்பு கிலோ 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ வாங்கினால் பொறுக்கியதும், காய்ந்ததும், அரைபட்டுச் சல்லடையில் நின்றதும் போக 96 கிலோ மாவு தேறும். அப்படியென்றால் மாவாகவே கிலோ 88 ரூபாய் 50 காசு ஆகிவிட்டது. கரண்டுக்கும் மெஷின் தேய்மானத்துக்கும் 3, கூலி 5, பாக்கெட்டும் லேபிளும் 4, வண்டி 2. ஆக 102 ரூபாய் 50 காசு. இதில் எங்கள் லாபம் 8 ரூபாய் வைத்தால் பெரிது. அதற்கு மேல் வரி, கடைக்காரர் கமிஷன். பட்டாணிப் பருப்பு கடலைப்பருப்பை விடக் கிலோவுக்கு 40 ரூபாய் குறைவாகக் கிடைத்த காலத்தில், பத்துக்கு மூன்று பங்கு கலந்தால் கிலோவுக்கு 12 ரூபாய் மிச்சம். நேர்மையாக அரைத்துக் கிடைக்கும் லாபத்தை விடக் கலந்து மிச்சமாவது அதிகம். இதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தத் தொழிலுக்குள் யாரும் வரக் கூடாது என்பேன். பக்கத்துக் கடையில் நம்மை விடப் பத்து ரூபாய் குறைவாக ஒரு பாக்கெட் தொங்கும். கடைக்காரர் அதைக் காட்டி, "நீங்களும் இந்த விலைக்குக் குடுங்க அம்மிணி" என்பார். முடியாது என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடக்கத் தெம்பு வேண்டும்.

நான் விலையில் மோதவில்லை. கடைக்கு மாவோடு ஒரு சின்னப் பொட்டலம் பருப்பையும் கொடுத்தேன். அந்த மாவு எந்தப் பருப்பிலிருந்து வந்ததோ அதே பருப்பு. கடைக்காரர் அதைக் கண்ணாடி ஜாடியில் போட்டுப் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். லேபிளில் கடலை விளைந்த வட்டாரத்தையும் அரைத்த தேதியையும் போட்டேன். தேதி பழையதாகிவிட்டால் நானே திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று சொன்னேன். மாவில் தெரியாததைப் பருப்பாகக் காட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழி தோன்றவில்லை. வீட்டுப் பெண்கள் ஜாடியைத் திறந்து இரண்டு பருப்பை வாயில் போட்டு மென்றுவிட்டு வாங்கிப் போனார்கள்.

நிறமும் ஒரு தொல்லை. நல்ல கடலை மாவு வெளிர் மஞ்சளாகத்தான் இருக்கும். கண்ணைப் பறிக்கிற மஞ்சள் வேண்டும் என்று சில கடைகள் கேட்கும். மஞ்சள் தூள் சேர்த்தாலே விதிக்குப் புறம்பு, மெட்டானில் மஞ்சள் என்ற சாயத்தைச் சேர்த்தால் அது விஷம். மாவைத் தண்ணீரில் கரைத்து அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில சொட்டு விட்டால் அந்தச் சாயம் இளஞ்சிவப்பாக மாறிக் காட்டிக்கொடுக்கும். அதை ஆய்வுக்கூடத்துக்காரர்கள் செய்யட்டும், வீட்டில் அமிலத்தைத் தொட வேண்டாம். மஞ்சள் தூள் கலந்ததைக் கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீர் போதும், சிவந்துவிடும்.

காகித வேலைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் தொடங்கியபோது ஆண்டு விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு போதுமாக இருந்தது, கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். 14 இலக்க எண் வரும், அதை லேபிளில் போட வேண்டும். எடை, அரைத்த தேதி, எத்தனை நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, முகவரி, சைவத்துக்கான பச்சைப் புள்ளி, சத்து விவரம் எல்லாம் அச்சில் இருக்க வேண்டும். தராசுக்கு முத்திரை வாங்க வேண்டும். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய மாவுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதற்கு முன் பிராண்டு பெயர் இருந்தால்தான் வரி. மெஷினுக்கு, 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த குறு உணவு நிறுவனங்களுக்கான திட்டத்தில் கடன் வாங்கினேன். அப்போது திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம். நம் பங்காகக் குறைந்தது 10 சதவீதம் போட வேண்டியிருந்தது. அந்த மானியம் கைக்கு வராது. வங்கியில் தனியாக நின்று, தவணையை ஒழுங்காகக் கட்டினால் மூன்று ஆண்டு கழித்துக் கடனில் கழியும். மானியத்தைக் கையிருப்பாக எண்ணிக் கணக்குப் போட்டவர்கள் திண்டாடியதைப் பார்த்திருக்கிறேன்.

கடன் கொடுப்பது பற்றி என் கட்சி உறுதியானது. பஜ்ஜிக் கடைகளுக்கு ரொக்கம்தான். அவர்களுக்கு அன்றன்றைக்குக் காசு கைக்கு வருகிறது, கேட்டால் தருவார்கள். பேக்கரிகள் ஒரு வாரம் கேட்பார்கள், அதற்கு மேல் நீட்டினால் சரக்கு நிற்கும். பெரிய கடைகள் இரண்டு மாதத்துக் கடன் கேட்டார்கள். கடலையை அப்போது மாசியில் ரொக்கம் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தோம், தீபாவளிக்கு விற்ற காசு மார்கழியில் வந்தால் நடுவில் எதை வைத்து ஓட்டுவது? அந்தக் கடைகளை விட்டுவிட்டேன். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் வீட்டு ஆர்டர்களே கூடம் நிரம்புகிற அளவுக்கு வருகின்றன, அதற்கு முழுக் காசும் முன்பணமாக வாங்குகிறேன்.

வருஷம் முழுக்க அரைக்க வேண்டுமென்றால் கடலையைச் சேமித்து வைக்கத் தெரிய வேண்டும். பயறு வண்டு முழுக்கடலையைத் துளைக்கும். மாவுக்கு வேறு எதிரி, செம்பழுப்பாகச் சின்னதாக ஓடும் மாவு வண்டு. இரண்டுக்கும் முதல் மருந்து வெயில். சித்திரை வெயிலில் கறுப்புத் தாளின் மேல் பரப்பி மேலே கண்ணாடித்தாள் மூடினால் உள்ளே ஏறும் சூட்டில் முட்டையும் செத்துவிடும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளைக்குழாய்ப் பொறி ஒன்று இருக்கிறது. மூட்டைக்குள் செருகி வைத்தால், காற்றுத் தேடி நகரும் வண்டு ஓட்டை வழியாக விழுந்து அடிக்குழிக்குள் மாட்டிக்கொள்ளும். வாரா வாரம் அதைக் கழற்றிப் பார்த்தாலே எந்த மூட்டையை முதலில் அரைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். மருந்து மாத்திரை எதுவும் நான் வைப்பதில்லை. மாவு அரைப்பதையும் மாதத்துக்கு வேண்டிய அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். கடலை கடலையாக இருக்கும் வரை தாங்கும், மாவான நிமிஷத்திலிருந்து அதன் வயது ஓடத் தொடங்கிவிடும்.

பாசிப்பயறு மாவும் அரைக்கிறோம். கேட்பவர்களில் பாதிப்பேர் குழந்தையைக் குளிப்பாட்டத்தான் கேட்கிறார்கள். ஆனாலும் லேபிளில் குளியல் பொடி என்று போட்டதில்லை. அப்படிப் போட்டால் அது அழகுசாதனப் பொருள் ஆகிவிடும், அதற்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் தனியாக வேண்டும். சாப்பிடும் மாவாகவே விற்கிறோம், கஞ்சிக்கும் உருண்டைக்கும் ஏற்ற பக்குவத்தில் பயறை வறுக்காமல் ஒன்று, வறுத்து ஒன்று.

இந்தத் தை மாதம் எங்கள் தெருவில் கடலை போட்டிருக்கும் நாலைந்து குடும்பங்களிடம் பேசி முடித்திருக்கிறேன். களத்திலேயே எடை போட்டு, அன்றைய உடுமலை விலைக்கு மேல் குவிண்டாலுக்கு ஒரு தொகை கூட்டித் தருவதாக ஒப்பந்தம். நான் கேட்டது இரண்டுதான். கடலையைத் தார் ரோட்டில் போட்டு அடிக்கக் கூடாது, ஈரத்தோடு மூட்டை பிடிக்கக் கூடாது. பாதிப் பணம் அன்றைக்கே, மீதி ஆடிக்குள். மாமியார் களத்துக்கு வந்து கடலையைக் கடித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் சரி என்று சொன்ன மூட்டைக்குத்தான் என் பெயரில் சீட்டு எழுதப்படும்.